பழைய கொலு பொம்மைக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா? உடைந்த மாடு காங்கேயம் காளையாக மாறுவது எப்படி? முழு விளக்கம்!

புரட்டாசி பிறந்தாலே பல வீடுகளில் பரணிலிருந்து கொலுப் பெட்டி இறங்கிவிடும். பழைய வேட்டியில் சுற்றி வைத்த பொம்மைகளைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு மூக்கு இருக்காது, இன்னொன்றுக்குக் கை இருக்காது. தட்டு தூக்கி நிற்கும் அம்மாவின் புடவை நிறம் போய் வெள்ளையாகியிருக்கும். மாட்டுக்கு ஒரு கொம்பு மட்டும் மிச்சம்.

"இதெல்லாம் ஓரமா வெச்சுடு, புதுசு வாங்கிக்கலாம்" என்பதுதான் வழக்கமான முடிவு. ஆனால் பாட்டி காலத்துப் பொம்மையை அப்படித் தூக்கிப் போட மனசு வராது. சரி, நாமே பெயின்ட் அடிச்சா என்ன? அடிக்கலாம். ஆனால் கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு எனாமல் டப்பாவை வாங்கி நேராகப் பூசினால் பொம்மை இன்னும் மோசமாகத்தான் ஆகும். பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுப்பதில் குழந்தைகளின் உடல்நலம் சம்பந்தப்பட்ட ஒரு ஆபத்தும் இருக்கிறது.

உலகம் முழுக்கப் பல பேர் சின்னஞ்சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதையே பெரிய பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் வழிமுறைகள் நம்ம வீட்டுக் கொலுவுக்கும் அப்படியே பொருந்தும். எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மினியேச்சர் ஹாபி என்றால் என்ன?

மினியேச்சர் என்றதும் முகலாயர், ராஜபுத்திரர் காலத்துச் சிற்றோவியங்கள் நினைவுக்கு வரலாம். இது அது இல்லை. மேஜை மேல் சின்னச் சின்னப் படைவீரர் உருவங்களை நிறுத்தி, தாயக்கட்டை மாதிரி கட்டை உருட்டி, ஸ்கேல் வைத்து தூரம் அளந்து ஆடும் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் வரும் உருவங்களைத்தான் மினியேச்சர் என்கிறார்கள்.

அறிவியல் புனைகதைகளுக்குப் பெயர் பெற்ற எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், 1913-ல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகவே போட்டார். பிற்காலத்தில் இதைப் பெரிய வணிகமாக மாற்றியது இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம். 1975-ல் தொடங்கிய இந்த நிறுவனம் 1983-ல் 'வார்ஹேமர்', 1987-ல் 'வார்ஹேமர் 40,000' ஆகிய விளையாட்டுகளை வெளியிட்டது.

இந்த விளையாட்டுகளில் பல உருவங்கள் கட்டை விரல் உயரத்துக்குள்தான் இருக்கும். பெரும்பாலும் வண்ணம் இல்லாமல், துண்டு துண்டாகத்தான் விற்பார்கள். வாங்குபவர்தான் ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு வீரனின் தலையை இன்னொருவன் உடம்பில் பொருத்துவது, கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றுவது, களிமண் போன்ற பசையால் புது உடை செய்வது என்று சொந்தமாக மாற்றி அமைப்பவர்களும் உண்டு. இதற்கு 'கன்வெர்ஷன்' என்று பெயர். விளையாடவே விளையாடாமல் பெயின்ட் மட்டுமே அடிக்கிறவர்களும் நிறைய.

இப்போ நம்ம கொலுவை யோசிச்சுப் பாருங்க. கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராமத்து செட். அதற்குக் கீழே கடுகோ கேழ்வரகோ விதைத்து வளர்த்த புல்வெளி. கண்ணாடி வைத்த குளம். இதுவும் சின்ன உருவங்களை வைத்து ஒரு உலகத்தை உண்டாக்கும் வேலைதான். அவர்கள் போர்க்களம் அமைக்கிறார்கள், நாம் ஊர் அமைக்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கொங்கு மண்ணுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. சின்ன மண் உருவங்கள் செய்வது கொங்குப் பகுதியில் வழிபாட்டோடு கலந்த பழக்கம். நேர்ந்துகொண்டு கோயிலில் வைக்கும் மண் உருவத்துக்கு இங்கே 'உருவாரம்' என்று பெயர். உடுமலைப்பேட்டை அருகே சோமவாரப்பட்டியில் உள்ள ஆல்கொண்டமால் கோயில் இதற்கு நல்ல உதாரணம். மாட்டுப் பொங்கலையொட்டி நடக்கும் திருவிழாவில், கால்நடைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விவசாயிகள் மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களை வைத்து வழிபடுகிறார்கள்.

கோவை நகரத்துக்கு வந்தால், பெரிய கடைவீதியில் இருக்கும் பூம்புகார் விற்பனை நிலையத்தில் நவராத்திரிக்கு முன்பு கொலு பொம்மைக் கண்காட்சி நடப்பது வழக்கம். பூம்புகார் என்பது தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனைப் பெயர். தமிழ்நாட்டின் பல ஊர்ப் பொம்மைகளையும் வெளிமாநிலப் பொம்மைகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் ஒருமுறை போய், கைவினைஞர்கள் எந்த இடத்தில் என்ன நிறம் வைத்திருக்கிறார்கள் என்று நிதானமாகப் பாருங்கள். பெயின்ட் அடிக்க ஆரம்பிப்பவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதல் கேள்வி: உங்க பொம்மை எதனால் ஆனது?

பெயின்ட் வாங்குவதற்கு முன்னால் இதைத் தெரிஞ்சுக்கணும். தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைக்கும்.

சுட்ட களிமண்: உடைந்த இடம் செங்கல் நிறத்தில் இருக்கும். விரலால் தட்டினால் 'டங்' என்று சத்தம் வரும். பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு அச்சுகளில் மண்ணை அழுத்தி, இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் காரணம். பக்கவாட்டில் விரலை ஓட்டினால் அந்த இணைப்புக் கோடு தட்டுப்படும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்: உடைந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். நகத்தால் கீறினால் மாவு உதிரும். தண்ணீர் இதற்கு எதிரி. ஊற வைத்தால் ஓரங்கள் கரைந்து, முகத்தின் வடிவமே மழுங்கிவிடும்.

காகிதக் கூழ்: கையில் எடுத்தாலே தெரியும், உருவத்துக்குச் சம்பந்தமில்லாத அளவுக்கு எடை குறைவு. ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கும் பிடித்தமான பொருள்.

மரம்: மரப்பாச்சி, கொண்டபள்ளி, சென்னபட்டணா பொம்மைகள் இந்த வகை. இவற்றைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம்.

அடுத்து, மேலே இருக்கும் பெயின்ட் எந்த வகை? ஒரு பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, பொம்மையின் பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஒட்டினால் அது தண்ணீரில் கரையும் வண்ணம். அந்தப் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். நிறம் ஒட்டவில்லை என்றால் எனாமல் அல்லது வார்னிஷ் போட்டது. நன்றாகப் பிழிந்த துணியால் லேசாகத் துடைக்கலாம்.

பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

இங்கேதான் கவனம் வேணும். பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. குறிப்பாக பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில். இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவு 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பெயின்ட் அடித்த பொம்மை என்றால், ஈயம் இருக்கலாம் என்று நினைத்தே கையாள்வதுதான் பாதுகாப்பு.

பொம்மை சும்மா படியில் நிற்கும்போது பெரிய பிரச்சினை இல்லை. அதைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியாத தூள் காற்றில் கலக்கும், தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போய்விடும். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும்.

அப்போ என்ன செய்வது?

- பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். மேலேயே ப்ரைமர் பூசிவிடலாம்.
- உரிந்து தொங்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரமாக வைத்தபடி வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்க்கவும். பிளாஸ்டர், காகிதக் கூழ் பொம்மைக்கு இது ஆகாது. உரிந்த செதிலை மட்டும் குச்சியால் மெதுவாக எடுத்துவிடுங்கள்.
- கீழே செய்தித்தாள் விரித்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் தாளை அப்படியே சுருட்டிக் குப்பையில் போடுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.
- இந்த ஒரு வேலையில் மட்டும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விட வேண்டாம். புது வண்ணம் தீட்டும்போது குழந்தைகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பொம்மையைத் தொடவே கூடாது?

எல்லாப் பொம்மைக்கும் பெயின்ட் தேவையில்லை. சிலவற்றுக்குப் பழைய நிறம்தான் மதிப்பே.

மரப்பாச்சிக்கு வண்ணம் வேண்டாம். மரத்தின் நிறமும் பல வருஷம் கை பட்டு வந்த பளபளப்பும்தான் அதற்கு அழகு. உடை மாற்றினால் போதும். தலைமுறை தாண்டிய தஞ்சாவூர்ப் பொம்மை, பீங்கான் பொம்மை, பழைய கைவினைஞர் கண் எழுதிய பெரிய சாமி பொம்மை ஆகியவற்றையும் தூசி மட்டும் தட்டி வையுங்கள். ஒருமுறை மேலே பூசிவிட்டால் பழைய முகத்தைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

சாமி பொம்மை உடைந்திருந்தால் படியில் வைக்கக் கூடாது என்ற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர், மாடு, வீடு, மரம் போன்ற செட் பொம்மைகளில்தான் நம் கைவேலையைத் தாராளமாகக் காட்டலாம். முதல்முறை செய்பவர்கள் இதில் ஆரம்பிப்பதுதான் நல்லது.

என்னென்ன வாங்கணும்?

பெரிய பட்டியல் இல்லை. ஸ்டேஷனரி கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் எல்லாமே கிடைக்கும்.

- அக்ரிலிக் கலர்: வெள்ளை, கருப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், பழுப்பு, தங்க நிறம். இந்த 7 இருந்தால் மற்றதைக் கலந்துகொள்ளலாம். லேபிளில் நச்சற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.
- உருண்டை முனை பிரஷ்: 0, 2, 6 எண்கள். கூடவே முடி தேய்ந்த பழைய பிரஷ் ஒன்று.
- வெள்ளை ப்ரைமர்: தண்ணீரில் கலக்கும் வகை.
- எம்-சீல், மெல்லிய கம்பி, இரண்டு டியூப் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசை.
- தண்ணீர் வகை வார்னிஷ்: பளபளப்பு ஒன்று, பளபளப்பு இல்லாத 'மேட்' ஒன்று.

ஏன் எனாமல் வேண்டாம்? எனாமலுக்குத் தின்னர் வேண்டும், வாடை தலைவலி தரும், காய நேரம் எடுக்கும். அதைவிட முக்கியம், தடிமனாகப் படிந்து கண், விரல், நகை போன்ற நுணுக்கங்களை மூடிவிடும். அக்ரிலிக் தண்ணீரில் கலக்கும், சில நிமிடத்தில் காய்ந்துவிடும், காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் சட்டென்று போகாது.

உடைந்த கையை ஒட்டுவது எப்படி?

வெறும் ஃபெவிகால் தடவி ஒட்டினால் அடுத்த நவராத்திரிக்குள் கை மறுபடியும் கழன்றுவிடும். மினியேச்சர் ஆட்கள் இதற்கு 'பின்னிங்' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடைந்த இரண்டு பக்கத்திலும் கையால் திருகும் சின்ன டிரில்லால் ஒரு துளை போட வேண்டும். நடுவில் சின்னக் கம்பித் துண்டைச் செருகி, எபாக்ஸி பசை வைத்து ஒட்ட வேண்டும். உள்ளே எலும்பு மாதிரி கம்பி இருப்பதால் கை தாங்கும். துளை போடும்போது அவசரப்பட்டு அழுத்தினால் மண் பொம்மை விண்டுபோகும், பார்த்து.

துண்டு காணாமல் போயிருந்தால் எம்-சீல். இரண்டு பகுதியையும் சம அளவில் எடுத்து, ஒரே நிறமாகும் வரை பிசைந்து, கம்பியைச் சுற்றி வடிவம் கொடுங்கள். விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வழித்தால் வழவழப்பாக வரும். கொஞ்ச நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும் என்பதால் சின்னச் சின்ன உருண்டையாகவே பிசையுங்கள். சிலருக்குத் தோல் அலர்ஜி வரலாம், கையுறை அவசியம். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு அப்புறம் பெயின்ட்டுக்குப் போகலாம்.

பெயின்ட் அடிக்கும் 6 படிகள்

1. உறிஞ்சலை நிறுத்துங்கள். வண்ணம் பூசாத மண் பொம்மையும் பிளாஸ்டரும் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். 1 பங்கு ஃபெவிகாலில் 3 பங்கு தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு கை பூசிக் காயவிடுங்கள். பழைய பெயின்ட் உள்ள பொம்மைக்கு இது தேவையில்லை.

2. ப்ரைமர். மெல்லிசாக வெள்ளை பூசவும். நம்ம ஊர் பொம்மைத் தொழிலாளர்களும் முதலில் வெள்ளை அடித்துவிட்டுத்தான் மற்ற நிறங்களுக்குப் போவார்கள். வெள்ளைக்கு மேல்தான் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று நிற்கும்.

3. அடிப்படை நிறம். தோல், புடவை, வேட்டி, முடி எனப் பகுதி பகுதியாக. டியூபிலிருந்து எடுத்ததை அப்படியே பூசாதீர்கள். தண்ணீர் கலந்து, பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே தடவையில் மூடாது. பரவாயில்லை, காய்ந்ததும் இன்னொரு கை. மெல்லிசாக இரண்டு முறை அடிப்பது தடிமனாக ஒரு முறை அடிப்பதைவிட எப்போதும் நல்லது.

4. வாஷ். அடர்ந்த பழுப்பு நிறத்தில் நிறையத் தண்ணீர் கலந்து, டீத்தண்ணி மாதிரி ஆக்கி மேலே ஓடவிடுங்கள். புடவை மடிப்பு, விரல் இடுக்கு, நகை ஓரம் என்று பள்ளமான இடத்தில் எல்லாம் அது தேங்கி, நிழல் தானாக வந்துவிடும். மேடான இடத்தில் தேங்கினால் காய்ந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள்.

5. டிரை பிரஷ். தேய்ந்த பழைய பிரஷ்ஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு, ஒரு துணியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதை வைத்துப் பொம்மையின் மேல் லேசாக வருடினால் மேடான இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கும். முடி, கூரை ஓலை, மரப்பட்டை, மாட்டின் முதுகு எல்லாவற்றுக்கும் இது அற்புதமாக வரும்.

6. வார்னிஷ். முழுப் பொம்மைக்கும் பளபளப்பு வார்னிஷ் அடித்தால் வெளிச்சம் பட்டு முகமே தெரியாது. உடைக்கும் தோலுக்கும் மேட், நகைக்கும் கண்ணுக்கும் பளபளப்பு எனப் பிரித்து அடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

கண் மட்டும் சரியா வர மாட்டேங்குதே?

எல்லோருக்கும் வரும் பிரச்சினைதான். சிலை செய்பவர்களும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். சில எளிய வழிகள்: இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், கை நடுங்காது. வெள்ளையை முதலில் வைக்காமல், கண்ணின் முழு வடிவத்தையும் அடர்ந்த பழுப்பில் போட்டு, அதற்குள் கொஞ்சம் சின்னதாக வெள்ளை, அதற்குள் கருமணி வையுங்கள். ஓரத்தில் மிஞ்சும் பழுப்பே இமைக் கோடாகிவிடும். தப்பானால் ஈரப் பிரஷ்ஷால் உடனே துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

பெரிய பொம்மை என்றால் உடை எல்லாம் நீங்கள் அடித்துவிட்டு, முகத்தை மட்டும் தெரிந்த பொம்மைத் தொழிலாளியிடம் கொடுத்து எழுதி வாங்கலாம். அவர்களுக்கும் வேலை, பொம்மைக்கும் உயிர். ஆனால் நவராத்திரி நெருக்கத்தில் போய் நிற்காதீர்கள், ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்போ கன்வெர்ஷன்: ஒற்றைக் கொம்பு மாடு, காங்கேயம் காளை ஆகிறது!

கடையில் கிடைக்கும் மாட்டுப் பொம்மை பெரும்பாலும் எந்த ஊர் மாடு என்று சொல்ல முடியாத பொது மாடாக இருக்கும். கொங்கு வீட்டுக் கொலுவில் காங்கேயம் காளை நின்றால் எப்படி இருக்கும்? மாதிரிக்குப் படம் வேண்டுமா? இந்திய அஞ்சல் துறை 2000-ல் வெளியிட்ட நாட்டு மாட்டினத் தபால்தலைகளில் காங்கேயமும் ஒன்று. உடனே அடையாளம் தெரிய 4 விஷயம் போதும்.

கொம்பு: காங்கேயம் மாட்டின் கொம்பு வெளியே விரிந்து, பின்னோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றை ஒன்று நெருங்கும். கிட்டத்தட்ட ஒரு வட்டம் மாதிரி. மிச்சம் இருக்கும் ஒற்றைக் கொம்பையும் எடுத்துவிடுங்கள். நெற்றியில் இரண்டு துளை போட்டு, வளைத்த கம்பியைச் செருகி, மேலே எம்-சீல் சுற்றி, அடி தடிமனாகவும் நுனி மெல்லிசாகவும் வழித்துவிடுங்கள்.

திமில்: காளைக்குத் திமில் பெரிசு. சின்ன எம்-சீல் உருண்டை வைத்து உயர்த்துங்கள். கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடி மெலிசாகத்தான் இருக்க வேண்டும்.

நிறம்: மயிலைக் காளை என்றால் உடம்பு சாம்பல். தலை, கழுத்து, திமில், முன் தொடை, பின் தொடை பக்கம் கருமை ஏறியிருக்கும். வெள்ளையில் துளி கருப்பு கலந்து உடம்பு முழுக்க அடிக்கவும். பிறகு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டில் கரும்சாம்பலைத் தொட்டு, திமில் பக்கம் ஒற்றி ஒற்றி எடுத்தால் இரண்டு நிறமும் கோடு தெரியாமல் கலந்துவிடும். மூக்கு, குளம்பு, கண்ணைச் சுற்றிக் கருப்பு. கடைசியாக முதுகெலும்பு, விலா மேல் வெள்ளை டிரை பிரஷ்.

கன்று: இதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது சாம்பல் நிறம் கிடையாது, செம்பழுப்பு. சுமார் 6 மாதத்துக்கு மேல்தான் நிறம் மாறும். பசுவுக்குப் பக்கத்தில் ஒரு சிவந்த கன்றை நிறுத்துங்கள். மாடு வளர்த்தவர் யாராவது கொலுவுக்கு வந்தால் "அட, கன்னுக்குட்டி சரியா இருக்கே" என்று அவர்களே சொல்வார்கள்.

உடம்பில் வெட்டு வேலை செய்யத் தயக்கமாக இருந்தால் பர்கூர் மாடு முயற்சி செய்யலாம். ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கத்து மலை மாடு. செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். பெயின்ட்டால் மட்டுமே பாதி வேலை முடிந்துவிடும்.

செட்டுக்குத் தரை எப்படி அமைப்பது?

கொலுப் படியில் யானையைவிட எலி பெரிசாக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் செட் என்று வந்துவிட்டால் அளவு பொருந்த வேண்டும். ஒரு மனிதப் பொம்மையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். காளையின் திமில் அவர் தோள் உயரத்தை ஒட்டி இருக்கட்டும். வாசற்படி அவர் தலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். இந்த இரண்டைச் சரி செய்தாலே செட் நிஜமாகத் தெரியும்.

தரைக்குத் தெர்மாகோல் மேல் ஃபெவிகால் தடவி, சலித்த மண்ணைத் தூவிக் காயவிட்டு, டிரை பிரஷ் செய்யலாம். மேற்குப் பகுதி வயலுக்குச் செம்மண், பருத்திக் காட்டுக்குக் கரிசல் என்று மண்ணையே மாற்றிக் காட்டலாம். ஈர்க்குச்சியில் பட்டி வேலி, தேங்காய் நாரில் வைக்கோல் போர், கண்ணாடித் துண்டுக்குப் பதில் பாலித்தீன் தாளுக்கு அடியில் நீலம் அடித்து வாய்க்கால். குழந்தைகளிடம் விட்டுவிட வேண்டிய வேலை இது. ஒரு ஊர் எப்படி இயங்குகிறது என்று அவர்களே கேட்டுக் கேட்டு வைப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும். கோயிலில் நேர்ந்து வைத்த உருவாரங்களை 'அழகா இருக்கே' என்று வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. அது இன்னொருவரின் வேண்டுதல்.

கொலு முடிந்த பிறகு?

விஜயதசமி முடிந்ததும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். காற்றில் ஈரம் அதிகம். புதிதாகப் பெயின்ட் அடித்த பொம்மையை உடனே செய்தித்தாளில் சுற்றினால், தாளின் எழுத்து அப்படியே பொம்மை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நவராத்திரிக்கு 2 வாரம் முன்பே பெயின்ட் வேலையை முடித்துவிடுங்கள். எடுத்து வைக்கும்போது முதலில் பழைய பருத்தித் துணி, அதற்கு மேல் தாள். மருந்து டப்பா, ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். காற்றே புகாத பிளாஸ்டிக் கவரில் மண் பொம்மையை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

தேறவே தேறாத பொம்மையைக் குளத்திலோ நொய்யலிலோ விடலாமா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ரசாயனப் பெயின்ட்டும் நீர்நிலையைக் கெடுக்கும். இதனால்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிளாஸ்டர் சிலைகளுக்கே தடை சொல்லப்பட்டது. வண்ணம் பூசாத பச்சைக் களிமண் பொம்மை என்றால் வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். சுட்ட மண் கரையாது. அதை உடைத்துத் தொட்டியின் அடியில் போடலாம், பழைய பெயின்ட் இல்லாததாக இருந்தால் மட்டும்.

சுருக்கமா சொன்னா...

- எதனால் ஆன பொம்மை, மேலே என்ன பெயின்ட் என்று பார்த்த பிறகே கை வைக்கவும்.
- பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். ஈய ஆபத்து உண்டு.
- மரப்பாச்சி, பழமையான பொம்மைகளுக்குப் பெயின்ட் வேண்டாம்.
- எனாமலுக்குப் பதில் அக்ரிலிக், மெல்லிசாக இரண்டு கை.
- முதல்முறை என்றால் சாமி பொம்மையில் ஆரம்பிக்காமல், ஒரு சின்ன மாட்டில் ஆரம்பியுங்கள்.

இந்த வருஷம் பெட்டியைத் திறக்கும்போது உடைந்த பொம்மைகளைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். அதில் எதற்குக் கை வைக்கலாம், எதை அப்படியே விடலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். எந்தப் பொம்மை யார் வாங்கியது, எந்த வருஷம் எந்த ஊரில் வாங்கியது என்ற கதையும் அப்போது கூடவே கிடைக்கும்.